கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

"எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. என்ன வேலைக்கு, எந்த மானிட்டருக்கு, எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி), எவ்வளவு பெரிய கேபினெட்டுக்குள் என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால் சந்தையில் உள்ள நூற்றுக்கணக்கான கார்டுகளில் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். அந்த இரண்டு மூன்றில் எதை வாங்கினாலும் பணம் வீணாகாது. கார்டை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு யோசிப்பவர்கள்தான் பெரும்பாலும் கார்டோடு எஸ்.எம்.பி.எஸ்ஸையும் மாற்றி, கடைசியில் கேபினெட்டையும் மாற்றுகிறார்கள்.

கார்டு செய்யும் வேலை இதுதான். 1920 x 1080 மானிட்டரில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு கேம் நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால், நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் முறை ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொன்றும் சின்னக் கணக்கு, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாக வேண்டும். சாதாரண பிராசஸரில் கணக்குப் போடும் பகுதிகள், அதாவது கோர்கள், ஆறு, எட்டு இருக்கும். அவை ஒவ்வொன்றும் கெட்டி. கிராபிக்ஸ் சிப்பிலோ ஆயிரக்கணக்கில் சின்னக் கோர்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் மட்டும் 3072. வீடியோ எஃபெக்ட், 3டி ரெண்டரிங், ஏஐ மாடல் எல்லாம் இதே மாதிரி ஒரே கணக்கைப் பல இடத்தில் போடும் வேலை என்பதால் அவற்றுக்கும் இந்தச் சிப் உதவுகிறது.

பல பிராசஸர்களுக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் சிப் ஒன்று இருக்கிறது. டைப்பிங், டேலி, யூடியூப் பார்ப்பது, ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் அது தாராளம். இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் (ஐ5-12400எஃப் மாதிரி) அந்தச் சிப் வேலை செய்யாது. கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் கொட்டேஷனில் இந்த ஓர் எழுத்தைக் கட்டாயம் பாருங்கள்.

உங்கள் வேலைக்குக் கார்டு வேண்டுமா?

கல்யாணம், காதுகுத்து, வசந்த விழா என்று ஆண்டு முழுக்க பேனர் அடிக்கும் ஊர் மதுரை. ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவர்கள் "கம்ப்யூட்டர் இழுக்குது, கார்டு போடலாமா" என்று கேட்பது வழக்கம். அவர்களுக்குப் பெரும்பாலும் கார்டு தேவையில்லை. 20 அடிக்கு 10 அடி பேனரை 100 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 100 புள்ளி) போட்டோஷாப்பில் திறந்தால் அது 24,000 x 12,000 பிக்சல். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், முழுப் பரப்பும் நிறைந்த ஒரு லேயருக்கே சுமார் 1.15 ஜிபி. மாப்பிள்ளை, பொண்ணு, தாய்மாமன், பின்னணி, பார்டர் என்று லேயர்கள் ஏற ஏற 8 ஜிபி ரேம் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். நீங்கள் பார்க்கும் இழுவை அதுதான். கார்டுக்கு வைத்த காசில் ரேமை 32 ஜிபி ஆக்கி ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

எமுலேட்டரில் (போன் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஃப்ரீ ஃபயர் விளையாடும் பிள்ளைகளுக்கும் பெரிய கார்டு வேண்டாம். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பக்கம்) வர்ச்சுவலைசேஷன் என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் எந்தக் கார்டு போட்டாலும் எமுலேட்டர் திணறும்.

கார்டு உண்மையிலேயே உதவும் இடங்கள் வேறு. பெரிய பிசி கேம்கள், பிளெண்டரில் ரெண்டரிங், டாவின்சி ரிசால்வில் கலர் கிரேடிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது. பிளெண்டருக்கும் ஏஐக்கும் என்விடியா கார்டு எடுங்கள். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் அதன் குடா முறையை (என்விடியா சிப்பில் கணக்குப் போட வைக்கும் வழி) நம்பி எழுதப்பட்டவை. வெறும் கேமுக்கு என்றால் ஏஎம்டி கார்டுகள் அதே விலையில் பல நேரம் கொஞ்சம் கூடுதல் வேகம் தரும்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் 10-பிட் 4:2:2 ஹெச்.265 என்ற, நிற விவரம் அதிகமுள்ள முறையில் பதிவு செய்கிறார்கள். இந்த ஃபைலைப் பிரித்துக் காட்டும் வசதி என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளில் (3060, 4060 மாதிரி) இல்லை. 50 வரிசையில்தான் வந்தது. ஆனால் 11-ம் தலைமுறையிலிருந்து இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸரின் உள் கிராபிக்ஸ் சிப்பிலேயே அது உண்டு. விலை உயர்ந்த கார்டு போட்டும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறதே என்று தவிப்பவர்கள் பலர் 'எஃப்' பிராசஸர் வாங்கியவர்கள்தான். கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கப் போய் தங்கள் வேலைக்கு மிகவும் வேண்டிய சிப்பை விட்டுவிட்டார்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், கம்ப்யூட்டர் இழுக்கும் வேலையைச் செய்துகொண்டே கவனியுங்கள். மெமரி 95 சதவீதத்தைத் தொட்டால் ரேம் வேண்டும். டிஸ்க் 100-லேயே நின்றால் எஸ்எஸ்டி வேண்டும். சிபியு (பிராசஸர்) முட்டி நிற்க, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 40-ல் சும்மா இருந்தால் புதுக் கார்டு ஒரு மாற்றமும் தராது. ஜிபியு 95-க்கு மேல் நின்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

அட்டைப்பெட்டியில் உள்ள ஜிபி

"4 ஜிபி கார்டுண்ணே, எல்லாக் கேமும் ஓடும்" என்று கடையில் சொல்வார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜிபி, கார்டின் வேகத்தைச் சொல்வதில்லை. அந்த மெமரி என்ன வகை, சிப்புக்கும் அதற்கும் நடுவில் பாதை எவ்வளவு அகலம் என்பதையும் பொறுத்துதான் வேகம். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன, இரண்டுமே 2 ஜிபி. ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்குச் சுமார் 48 ஜிபி நகர்த்தும். 2018-ல் வந்த இன்னொன்றில் டிடிஆர்4, அது நகர்த்துவது 16.8 ஜிபிதான். பெட்டியின் முன்பக்கம் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்டிஎக்ஸ் 4060 நொடிக்கு 272 ஜிபி நகர்த்தும்.

இன்றும் கடைகளில் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்3 ஜிடி 730, 2014-ம் ஆண்டு மாடல். கெப்லர் சிப் கொண்ட அந்தக் கார்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் கூட 2024-ல் நின்றுவிட்டது. இரண்டாவது மானிட்டர் மாட்ட மட்டும் அது உதவும். கேமுக்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். புதிய பிராசஸர்களின் உள் கிராபிக்ஸே அதைத் தாண்டிவிடும்.

ஒரே பெயரில் இரண்டு கார்டு என்ற சிக்கல் பழைய மாடல்களோடு முடியவில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியிலும் 8 ஜிபியிலும் வந்தது. 8 ஜிபியில் மெமரிப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்தது. ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியில் 2560 கோர், 6 ஜிபியில் 2304 கோர். எனவே பில்லில் "3060" என்று மட்டும் எழுதினால் போதாது, ஜிபியோடு முழு மாடல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை ஜிபி வேண்டும்? 1080 மானிட்டரில் இன்றைய கேம்களுக்கு 8 ஜிபியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 1440 மானிட்டருக்கு (2560 x 1440) 12 அல்லது 16. ஏஐ மாடல் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு வேகத்தைவிட ஜிபிதான் முக்கியம். 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை 4-பிட்டாகச் சுருக்கினாலும் சுமார் 5 ஜிபி பிடிக்கும். மெமரி நிரம்பினால் கேம் நிற்காது, திடீர் திடீரென்று உறைந்து உறைந்து ஓடும். மிச்ச டேட்டாவை மதர்போர்டின் ரேமிலிருந்து, கார்டு மாட்டும் பிசிஐ ஸ்லாட் வழியாக இழுக்க வேண்டி வருவதுதான் காரணம். பிசிஐ 3.0 ஸ்லாட்டில் எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) வழியாக நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் வரும். 4060-இன் 272 எங்கே, இந்த 8 எங்கே.

பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இன்டெல் 10-ம் தலைமுறை வரையிலும், ஏஎம்டி பி450 போர்டுகளிலும் பிசிஐ 3.0தான். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் மெமரியும் 4 ஜிபி, லேனும் நான்குதான். அந்தப் போர்டுகளில் அது பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். விலை குறைவு என்று அதை எடுக்க வேண்டாம். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு நல்ல கார்டுதான், ஆனால் ரீசைசபிள் பார் வசதியை (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் தொட விடுவது) பயாஸில் ஆன் செய்ய முடியாத போர்டில் வேகம் வெகுவாகக் குறையும்.

எண்களைப் படிப்பது எளிது. 4060 என்றால் 40 தலைமுறை, 60 அதில் அதன் படி. தலைமுறை புதிது என்பதால் மட்டும் கார்டு பெரிதாகிவிடாது; பழைய 3070 பொதுவாக 4060-ஐவிட வேகம். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஜோட்டாக் எல்லாரும் அதே சிப்பைத்தான் வாங்கித் தங்கள் ஃபேனை மாட்டி விற்கிறார்கள். அங்கே வாரண்டியையும் ஃபேனையும் பார்த்தால் போதும்.

எஸ்.எம்.பி.எஸ் லேபிள்

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ் மேல் ஒட்டியிருக்கும் அட்டையைப் படியுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த யூனிட்டில் பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழே உள்ள கட்டங்களில் +12வி என்ற கட்டத்தைத் தேடுங்கள். கார்டும் பிராசஸரும் குடிப்பது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். அங்கே 16ஏ என்றிருந்தால் 12 x 16 = 192 வாட். அந்த "450 வாட்" யூனிட் உங்களுக்குத் தரக்கூடியது அவ்வளவுதான். தரமான 550 வாட் யூனிட்டில் அதே கட்டத்தில் 40ஏ-க்கு மேல் இருக்கும்.

இப்போது கூட்டுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட், போர்டு, ரேம், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 282. கார்டு நொடியில் ஒரு துளி நேரம் இதைவிட மேலே தாவும் என்பதால் ஒன்றரை மடங்கு வைத்தால் 423. ஆகவே ஒரு நல்ல 450 வாட் யூனிட் சமாளிக்கும், 550 நிம்மதி. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதும் 550தான். மற்ற கார்டுகளின் பசி: ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 145, ஆர்எக்ஸ் 7600 165, ஆர்டிஎக்ஸ் 3060 170, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180, ஆர்க் பி580 190.

ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். மீதிக்குத் தனி வயர்: 6-பின் 75 வாட், 8-பின் 150 வாட். உங்கள் யூனிட்டில் அந்த வயர் இல்லையென்றால், சாட்டா வயரிலிருந்து 8-பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைச் சிலர் எடுத்துக் கொடுப்பார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் லைன் 54 வாட்டுக்குச் செய்யப்பட்டது. அதில் 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். வயர் இல்லை என்றால் அந்த எஸ்.எம்.பி.எஸ் இந்தக் கார்டுக்கானது இல்லை.

கரண்ட் போனால் யுபிஎஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அதன் வாட்டையும் பாருங்கள். வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தரும். மேலே போட்ட 282-உடன் மானிட்டரின் 25 வாட்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட விளிம்பு. கேம் நடுவில் கரண்ட் போகும்போது யுபிஎஸ் "கீ" என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்தால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயில்

இணையத்தில் பார்க்கும் டெஸ்டுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடும் கார்டு, அழகர் ஆற்றில் இறங்கும் மாதத்தில் 37 டிகிரி உள்ள மாடி அறையில் 82-க்குப் போகும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கார்டும் ஏறக்குறைய அத்தனை ஏறும். 83-ஐ நெருங்கும்போது பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். எனவே நம் ஊருக்கு ஒற்றை ஃபேன் கார்டைவிட இரட்டை ஃபேன் கார்டு நல்லது. விலை கொஞ்சம் கூடுதலானாலும் கொடுக்கலாம்.

அதைவிட முக்கியம் காற்று. முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேபினெட்டில் கார்டு தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுக்கும். முன்பக்கம் வலை, உள்ளே இழுக்க ஃபேன் இரண்டு, பின்னால் வெளியே தள்ள ஒன்று, இதுதான் குறைந்தபட்சம். கதவு வைத்த கம்ப்யூட்டர் டேபிளின் அறைக்குள் கேபினெட்டைப் பூட்டி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேரிங் போய்விடும்.

நீளத்தையும் அளக்க மறக்காதீர்கள். ஸ்லாட் இருக்கும் பின்சுவரிலிருந்து முன் ஃபேன் வரை டேப் வைத்து அளந்து, கார்டின் நீளத்தைவிட 2 செ.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களை வாங்கி வைத்திருக்கும் மாணவர்களுக்கு வழி குறுகலானது. டெல், ஹெச்பி, லெனோவோவின் சிறிய டெஸ்க்டாப்களில் எஸ்.எம்.பி.எஸ் 180 முதல் 260 வாட் வரைதான் இருக்கும், கார்டுக்கான தனி வயர் இருக்காது. ஸ்லாட்டும் பாதி உயரம்தான். அவற்றுக்கு, வயரே தேவைப்படாத, பாதி உயரக் கார்டு வேண்டும். 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்டில் ஓடும். அதன் லோ புரொஃபைல் (பாதி உயர) மாடலைக் கேளுங்கள். பழைய ஜிடிஎக்ஸ் 1650-இலும் வயர் தேவைப்படாத 75 வாட் லோ புரொஃபைல் உண்டு, ஆனால் 4 ஜிபிதான். பெட்டிக்குள் பாதி உயரத் தகடு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட்

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும் கார்டு வைத்துக் காசு எடுக்கும் மைனிங் படுத்துவிட்டது. அதில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. ஆர்எக்ஸ் 580-ஐக் கேட்டால் "2048எஸ்பி" என்ற மாடலைத் தருவார்கள். பெயர் 580, உள்ளே கோர் எண்ணிக்கை 570-க்கு உரியது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் பழைய கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை (கார்டின் பயாஸ்) மாற்றி எழுதிய போலிகளும் உண்டு.

கார்டைக் கையில் வாங்கியதும் ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். பல போலிகளை அதுவே காட்டிக் கொடுக்கும். பிறகு 20 நிமிடம் ஃபர்மார்க் (கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் மென்பொருள்) அல்லது ஒரு கனமான கேம் ஓட்டுங்கள். சூடு 85-ஐத் தாண்டுகிறதா, ஃபேன் உரசும் சத்தம் வருகிறதா, திரையில் வண்ணக் கட்டங்கள் தெறிக்கின்றனவா? கட்டங்கள் தெறித்தால் பெரும்பாலும் மெமரி சிப் போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு விலை குறைத்தாலும் திருப்பிக் கொடுங்கள். கார்டில் உள்ள எல்லா ஹெச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட்களிலும் வயரை மாட்டிப் பாருங்கள். ஸ்குரூ மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். என்விடியாவின் 10 வரிசைக் கார்டுகளுக்கு (1050 டிஐ மாதிரி) 2025 அக்டோபரோடு புதிய கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது; பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் இனி வரும். அந்தக் கணக்கில் விலை பேசுங்கள்.

புதுக் கார்டு என்றால், சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தால் பெட்டி பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள்.

மாட்டும்போது

ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டை வெளியேற்றிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பின்பக்கத் தகடுகள் இரண்டைக் கழற்றி, பிராசஸருக்கு அருகிலுள்ள நீள ஸ்லாட்டின் கொக்கியைத் திறந்து, கார்டை நேராக வைத்து அழுத்தினால் "கிளிக்" என்று கொக்கி பிடிக்கும். ஸ்குரூ போடுங்கள். பவர் வயரில் குழப்பம் வரும்: பிராசஸருக்கான 8-பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். போகவில்லை என்று முட்டித் தள்ளாதீர்கள். பெரிய கார்டுகளில் வரும் 16-பின் வயரை இடைவெளி கொஞ்சமும் தெரியாத அளவுக்கு முழுவதும் நுழையுங்கள். அரைகுறையாக நின்றால் சூடாகி உருகும்.

மானிட்டர் வயரைக் கார்டில் மாட்டுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு "கார்டு போட்டும் அதே வேகம்தான்" என்று கடைக்குத் திரும்பி வருபவர்கள் நிறைய. பழைய விஜிஏ மானிட்டர் என்றால், புதுக் கார்டுகளில் அந்தப் போர்ட் கிடையாது, ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும்.

ஃபேன் சுற்றி, படம் வரவில்லையென்றால் பவர் வயர், கார்டின் இருக்கை, ரேம் ஆகிய மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள். கார்டை அழுத்தும்போது ரேம் லூஸ் ஆவது சாதாரணம். ஹெச்61, ஹெச்81 போன்ற பழைய போர்டாக இருந்தால் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். படம் வந்து, கேம் போட்டதும் கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல். வேறு கம்பெனிக் கார்டிலிருந்து மாறியிருந்தால் சேஃப் மோடில் டிடியு மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்குங்கள். பிறகு மதிய வெயிலில் ஒரு மணி நேரம் கேம் ஓட்டிச் சூட்டைப் பாருங்கள்; அதை, கடைக்காரர் மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.